ஒரு பீடி நேரம்

5

கப்பலிலிருந்து வந்த படகு மணலைத் தொடுவதற்கு முன்பே முதல் கல் வந்து விழுந்தது. யார் மேலும் படவில்லை. படகின் மூக்கில் பட்டுத் தெறித்துத் தண்ணீருக்குள் போய்விட்டது. எறிந்தவனுக்குக் குறி பார்க்கத் தெரியாமல் இல்லை. இறங்காதே என்று சொல்ல அதுவே போதும் என்று நினைத்திருக்கிறான்.

"மாலை போட்டுக் கூட்டிட்டுப் போவாங்கன்னு சொன்னீங்களே தலைவரே," என்றான் திஹோனி, துடுப்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி. "இந்த ஊர்ல மாலையில பூ வைக்க மாட்டாங்களா?"

தெமௌரி இறங்கினார். ஐம்பத்திரண்டு வயது. தூவாமோத்துத் தீவுகளின் கிழக்குப் பக்கம் முழுவதற்கும் அவர் ஒருவர்தான் போலீஸ். இடது கால் இருபத்து மூன்று வருடங்களாக அவர் பேச்சைக் கேட்பதில்லை. அதைக் கையால் தூக்கி வெளியே வைத்துவிட்டுத்தான் படகை விட்டு இறங்க வேண்டும். திஹோனி பதினைந்து வருடம் கப்பலில் சமையல்காரனாக இருந்துவிட்டு அவரிடம் உதவியாளாக வந்தவன். மூச்சடக்கி முத்துச்சிப்பி எடுப்பவர்களே நிறைந்த இந்தத் தீவுகளில் நீந்தத் தெரியாத ஒரே ஆண்பிள்ளை என்று அவனுக்குப் பெயர்.

மராஹிவாத் தீவில் சிப்பிக் காலம் நடந்துகொண்டிருந்தது. பல தீவுகளிலிருந்து வந்த நானூறு பேர் தகரக் கொட்டகை போட்டுத் தங்கியிருந்தார்கள். வேலை நேரமான காலை பத்து மணிக்கு அவர்களில் ஒருவர்கூடக் கரையில் இருக்கக் கூடாது. எல்லோரும் இருந்தார்கள். தேங்காய்ப் பருப்புக் கிடங்கைச் சுற்றி மூன்று வரிசையாக நின்றார்கள். கிடங்குக்குள் பஹேரோ என்ற மங்காரேவாத் தீவுக்காரனைப் பூட்டி வைத்திருந்தார்கள்.

கூட்டத்தின் முன்னால் நின்றவன் கமாக்கே. நாற்பத்தைந்து வயது, கதவு மாதிரி அகலமான தோள். தீவு வளையத்துக்குள் அடங்கிய இந்தக் கடலேரியில் பதினோரு வருடம் முதலிடத்தில் இருந்த மூழ்காளி. நான்கு வருடம் முன்பு இரண்டு காதும் வெடித்ததிலிருந்து ஓடத்தில் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கயிறு பிடிக்கிறான்.

"நொண்டிப் போலீசுக்கு இங்க வேலை இல்ல," என்றான் அவன், காது கேட்காதவர்களின் பெரிய குரலில். "என் தம்பியை அந்த மங்காரேவாக்காரன் சாகடிச்சுட்டான். மதியம் நீர் வடியும்போது அவனை அவன் ஓடத்துலயே கட்டி, துடுப்பு இல்லாம கடலுக்குப் போற வாய்க்கால்ல விடப் போறோம். கடல் விசாரிச்சுக்கும்."

"உன் தம்பி செத்துட்டானா?" என்று கேட்டார் தெமௌரி, கொஞ்சமாவது கேட்கும் அவன் வலது காதுப் பக்கம் போய்.

"அசையல. பேசல. அதுக்குப் பேரு என்ன?"

அதற்குப் பெயர் என்ன என்பது தெமௌரிக்குத் தெரியும். ஆனால் அப்போது சொல்லவில்லை. ஊர்ப்பெரியவரைத் தேடிப் பிடித்துப் பேசினார். நீர் வடியத் தொடங்கப் பிற்பகல் இரண்டு மணி ஆகும். அதுவரை கிடங்கின் பூட்டை யாரும் தொடக் கூடாது என்று அந்தக் கிழவரிடம் வாக்கு வாங்கினார். கிழவர் வாக்குக் கொடுத்த விதத்தில், இரண்டு மணி ஒரு நிமிடத்துக்கு அது செல்லாது என்பதும் தெரிந்தது.

கூட்டம் வழிவிட்டது. பெண்கள் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவரும் ஒரு இளநீர் நீட்டவில்லை.

"எதிரி வந்தாக்கூட இளநி குடுத்துட்டுத்தான் அடிப்பாங்க," என்றான் திஹோனி தாழ்ந்த குரலில். "நாம அதுக்கும் கீழ."

*

கமாக்கேயின் தம்பி ரோங்கோ பாயில் கிடந்தான். முப்பத்தொரு வயது. கண் மட்டும் அவர்கள் வந்த பக்கம் திரும்பியது. வாயின் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. தெமௌரி அவன் உள்ளங்காலில் கட்டைவிரலை அழுத்தினார். கால் இன்னொருவருடையது போல் கிடந்தது. வலது கை விரல்களில் மட்டும் ஏதோ லேசாக ஓடியது.

இடுப்புக்குக் கீழே எல்லாம் மணல் மூட்டையாகி, நாக்கு வாய்க்குள் கட்டையாகி, இருபத்து மூன்று வருடம் முன்பு பதினோரு நாள் தானும் இப்படிக் கிடந்தது தெமௌரிக்கு நினைவு வந்தது. தரவானா. நாள் முழுக்க ஆழத்துக்குப் போய்ப் போய் வருகிறவர்களில் சிலர் மேலே வந்ததும் தலை சுற்றி விழுவார்கள். சிலர் எழுந்துவிடுவார்கள், சிலர் பாதி எழுவார்கள், சிலர் எழவே மாட்டார்கள். கடல் பித்து என்பார்கள் ஊரில். பிறகு தலைநகர் பப்பேயெத்தேயில் ஒரு டாக்டர் பீர் பாட்டிலைத் திறந்து காட்டி அவருக்கு விளக்கியிருந்தார். ஆழத்தில் உடம்பு காற்றைக் குடிக்கிறது. மேலே உட்கார்ந்தால் மெல்ல வெளியே விடுகிறது. ஒரு முறை போனால் ஒன்றுமில்லை. விடுவதற்குள் மறுபடி மறுபடி போனால் குடித்தது சேர்ந்துகொண்டே போகும். பிறகு ஒரு முறை மேலே வரும்போது, குலுக்கிய பாட்டில் திறந்தது மாதிரி ரத்தத்துக்குள் நுரைக்கும்.

"இது தரவானா," என்றார் தெமௌரி.

ரோங்கோவின் மனைவி மருயா அவரை ஏறெடுத்துப் பார்த்தாள். ஓடத்தில் கணவனுக்குக் கயிறு பிடிப்பவள் அவள்தான். "தரவானா பேராசைக்காரனுக்கு வர்றது. இவரு ஒவ்வொரு தடவையும் ஏறி வந்து உக்காந்து ஓய்வு எடுத்துட்டுத்தான் இறங்கினாரு. கயிறு பிடிச்சவ நான். எனக்குத் தெரியாதா?"

"ஓய்வு எடுத்தானா? எப்பலேர்ந்து அந்தப் பழக்கம்?"

மங்காரேவாக்காரன் செய்த வேலை, அவனைப் போய்க் கேளுங்கள் என்றாள். என்ன செய்தான் என்றதற்கு, அவன் அன்று மட்டும் கடலுக்கு வராமல் கரையில் நின்றதே போதாதா என்றாள். பிறகு பானையிலிருந்து தண்ணீரை எடுத்து, போலீஸ் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் பார்த்து ஊற்றிக் கழுவத் தொடங்கினாள்.

வெளியே வந்ததும் திஹோனி காலை உதறினான். "நல்ல வேளை, கொதிக்கிற தண்ணி இல்ல. தலைவரே, தரவானான்னா வழக்கு முடிஞ்சுதே. கடலைக் கைது பண்ண நம்மகிட்ட விலங்கு இல்ல."

"முடியல. ஓய்வு எடுக்காதவன் விழுந்தா அது தரவானா. ஓய்வு எடுத்தவன் ஏன் விழுந்தான்?"

*

ரோங்கோவின் ஓடம் திங்கட்கிழமை மதியம் இழுத்துப் போட்ட இடத்திலேயே கிடந்தது. இரண்டு நாளாக யாரும் கிட்டே போகவில்லை. ஈயக்குண்டு, கூடை, கண்ணாடி, கயிறு எல்லாம் அப்படியே. தெமௌரி கயிற்றைக் கையால் அளந்தார். இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்; ஐந்து பாகத்துக்கு ஒரு முடிச்சு. நான்காவது முடிச்சு வரை கயிறு உப்பேறி விறைத்திருந்தது.

"இருபது பாகம். ரோங்கோ எப்பவும் பன்னெண்டு பாகத்துக்காரன்னு கேள்வி. ஏரி நடுவுல இருக்கிற பெரிய குழிக்குள்ள இறங்கியிருக்கான்."

திஹோனி ஓடத்துக்குள் குனிந்து எதையோ பொறுக்கினான். தாழை ஓலையில் புகையிலையைச் சுருட்டி நாரால் கட்டுகிற பீடியின் அடித்துண்டு. பிறகு இன்னொன்று. பிறகு பலகை இடுக்குகளிலிருந்து கை நிறைய.

"இவங்க சபையில புகையிலை பாவம் ஆச்சே தலைவரே. ரோங்கோ ஞாயித்துக்கிழமை முன் வரிசையில நின்னு பாடறவன். நடுக்கடல்ல போய்ப் பாவம் பண்ணிருக்கான், அதுவும் கணக்கா."

"எத்தனை?"

மணலில் பரப்பி எண்ணினார்கள். நாற்பத்தொன்று.

தெமௌரி மணலில் உட்கார்ந்துவிட்டார். தீவுக்குள் வந்த பிறகு முதல் முறையாக அவர் முகத்தில் ஒரு உற்சாகம் தெரிந்தது. மங்காரேவாவில் மூழ்குகிறவர்கள் ஒரு முறை ஏறி வந்தால் ஒரு பீடி முழுக்கப் பிடித்து முடித்துவிட்டுத்தான் அடுத்த முறை இறங்குவார்கள். சோம்பேறிகள் என்று மற்றத் தீவுக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் மங்காரேவாவில் தரவானாவுக்கு வார்த்தையே கிடையாது. ரோங்கோ யாருக்கும் தெரியாமல் அந்தப் பாடத்தைப் படித்திருக்கிறான். ஆபத்து இல்லை என்று நம்பித்தான் இருபது பாகத்துக்குத் துணிந்திருக்கிறான்.

"ஆறு மணிக்கு இறங்கி பதினோரு மணிக்கு விழுந்திருக்கான்," என்றார். "அஞ்சு மணி நேரம். ஒரு நல்ல பீடி பத்து நிமிஷம் எரியும். மூச்சு பிடிக்க, இறங்கி ஏற அஞ்சு நிமிஷம். ஒரு மணி நேரத்துக்கு நாலு தடவை. அஞ்சு மணி நேரத்துக்கு?"

"இருபது," என்றான் திஹோனி. கையிலிருந்த துண்டுகளைப் பார்த்தான். "மீதி இருபத்தொண்ணு குட்டி போட்டுதா?"

*

மருயா கிணற்றடியில் தனியாக இருந்தாள். தெமௌரி ஒரு அடித்துண்டை அவள் முன்னால் கல்லின் மேல் வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் நின்றார். சபைக்குச் சொல்ல மாட்டேன் என்று மட்டும் சொன்னார்.

அவள் அழவில்லை. கோபத்தோடுதான் பேசினாள். போன வருடம் இரண்டு முறை ரோங்கோவுக்குக் கை மரத்துப்போனது. பயந்துபோய் பஹேரோவிடம் ரகசியமாகக் கேட்டிருக்கிறான். ஒரு மூழ்கலுக்கு ஒரு பீடி, அது தானாக அணையும் வரை இறங்காதே, வேறு மந்திரம் எதுவும் இல்லை என்று அவன் சொல்லியிருக்கிறான். திங்கட்கிழமை காலை தன் பீடி டப்பாவையே கொடுத்து அனுப்பினான். ரோங்கோ அதைப் பிடித்து இருமி, கண்ணில் நீர் வர, ஒவ்வொன்றையும் கடைசி வரை முடித்தான்.

"விஷம் வெச்சுக் குடுத்திருக்கான்," என்றாள். "நல்லவன் மாதிரி குடுத்துட்டு அவன் மட்டும் கரையில நின்னுட்டான். சபைக்குத் தெரிஞ்சா இவரைக் கல்லறைக்குக்கூட எடுத்துக்க மாட்டாங்க. அண்ணனுக்குத் தெரிஞ்சா மங்காரேவாக்காரன்கிட்ட பிச்சை எடுத்தியான்னு காறித் துப்புவாரு. அதான் சொல்லல."

"மிச்சம் இருக்கா?"

பாறை இடுக்கிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து எறிந்தாள். சிவப்பு மூடி. உள்ளே ஏழு பீடிகள் இருந்தன.

தெமௌரி ஒன்றை எடுத்து வாயில் வைத்துத் தீக்குச்சி கிழித்தார். மருயா அவர் கையைப் பிடிக்கப் பாய்ந்தாள். போலீஸ்காரர் சாவதில் அவளுக்கு வருத்தமில்லை என்றாலும் தன் கிணற்றடியில் வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். திஹோனி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, தலைவர் போய்விட்டால் அவருடைய புது பூட்ஸ் தனக்கு என்று சொல்லிவைத்தான்.

பீடி சரசரவென்று எரிந்தது. நாலு இழுப்பு, ஐந்து இழுப்பு, நார்க்கட்டு வரை வந்து அணைந்தது. தெமௌரிக்கு ஒன்றும் ஆகவில்லை.

"ரெண்டேகால் நிமிஷம்," என்றான் திஹோனி. "இது பீடியா, தீக்குச்சியா?"

தெமௌரி இன்னொன்றை எடுத்து நகத்தால் கீறிப் பிரித்தார். தாழை ஓலையை நீளவாக்கில் பாதியாகக் கிழித்திருந்தார்கள். ஒற்றைச் சுற்று. உள்ளே நன்றாக உலர்த்திய புகையிலை, ஒரு பல்குச்சி அளவுக்கு. நீளத்தில் மட்டும் எந்தக் குறையும் இல்லை. புகைத்தே பழக்கமில்லாத ரோங்கோவுக்கோ அவன் மனைவிக்கோ வித்தியாசம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

"இதுல விஷம் இல்ல," என்றார் மருயாவிடம். "நேரம் இல்ல. அவ்வளவுதான். உன் புருஷன் ஓய்வு எடுத்ததா நினைச்சுட்டு, ஓய்வே இல்லாம நாப்பத்தோரு தடவை இருபது பாகம் இறங்கியிருக்கான்."

அவள் அந்தப் பிரித்த ஓலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, யார் சுற்றியது என்று கேட்டாள்.

*

கிடங்குக்குள் தேங்காய் எண்ணெய்ச் சிக்கு நாற்றம். பஹேரோ சாக்குகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். உதடு கிழிந்திருந்தது. கையில் ஜெபமாலை. மங்காரேவாக்காரர்கள் கத்தோலிக்கர்கள், இங்கே அதற்கும் சேர்த்து அவன் அந்நியன்.

"ஓடத்துல கட்ட வந்துட்டீங்களா?" என்றான். "கட்டுறதுன்னா இடது கையைப் பாத்துக் கட்டுங்க. வலிக்குது."

"எத்தனை நாளா வலிக்குது?"

"பத்து நாளா. தோள்மூட்டுல ஆணி அடிச்ச மாதிரி. அதான் திங்கக்கிழமை போகல. நான் போகாததுதான் இப்போ குத்தம்."

தெமௌரி திஹோனியைப் பார்த்தார். மூட்டில் வருகிற அந்த வலி தரவானாவின் முதல் அறிகுறி என்று இருவருக்கும் தெரியும். தெமௌரி சாக்கின் மேல் மெதுவாக உட்கார்ந்து, அவனுடைய பீடி எவ்வளவு நேரம் எரியும் என்று கேட்டார். பஹேரோ எரிச்சலோடு சிரித்தான். சாகப் போகிறவனிடம் கேட்கிற கேள்வியா என்றான். பிறகு, கேட்டவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"பிடிக்கிறப்போ மாலை உருட்டுவேன். மூணு பத்து மணி உருட்டி முடிக்கிறப்போ பீடியும் முடியும். எங்க அப்பா காலத்துலேர்ந்து அதான் அளவு." கொஞ்சம் நிறுத்தினான். "இப்போ கொஞ்ச நாளா ரெண்டு பத்துகூட வர்றதில்ல. போன வாரம் ஒரு பத்து முடியறதுக்குள்ள அணைஞ்சுடுச்சு. நான்தான் ஜெபத்துல மெதுவாயிட்டேன்னு நினைச்சேன். வீட்டு நினைப்புல மனசு அலையுதுன்னு."

"உன் பீடியை நீயே சுத்துவியா?"

"விரல் உப்புல ஊறி வெடிச்சுக் கிடக்கும். கயிறு பிடிக்கிறவன்தான் சுத்தி வெப்பான். சனிக்கிழமை டப்பாவை ரொப்பி ஓடத்துல வெச்சுட்டுப் போனான். அதைத் திறக்காமலேயே ரோங்கோகிட்ட குடுத்தேன்."

பஹேரோவின் ஓடத்தில் கயிறு பிடிப்பவன் யார் என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டபோது அந்த வேலை கமாக்கேக்கு விழுந்ததையும், விழுந்ததும் ஊரே சிரித்ததையும் ஊர்ப்பெரியவர் காலையிலேயே சொல்லியிருந்தார்.

"சொந்தத் தம்பியையா?" என்று கேட்டான் திஹோனி. "அவனைத் தோள்ல தூக்கி வளத்தவன் தலைவரே."

"டப்பா யார்கிட்ட போச்சுன்னு கமாக்கேக்குத் தெரியுமா?" என்று பஹேரோவிடம் கேட்டார் தெமௌரி.

"தெரியாது. அண்ணன்கிட்ட மட்டும் சொல்லாதேன்னு ரோங்கோ என்னைச் சிலுவை மேல சத்தியம் பண்ண வெச்சான்."

வெளியே கூட்டத்தின் இரைச்சல் தகரத்தில் வந்து மோதிக்கொண்டிருந்தது. பஹேரோ தன் தோளைத் தடவிய கையை எடுத்து, அதையே பார்த்தான். அவனுக்கும் புரிந்துவிட்டது.

"பீடித் துண்டை என்ன பண்ணுவே?"

"தண்ணியில போட மாட்டோம். ஓடத்துக்குப் பின்னால ஒரு கொட்டாங்கச்சி இருக்கு."

திஹோனி கேட்காமலேயே எழுந்து போனான்.

*

ஒன்றரை மணிக்கே கூட்டம் கயிறு கொண்டு வந்துவிட்டது. தெமௌரி கிடங்கு வாசலில் நின்றார். துப்பாக்கி இல்லை, தூவாமோத்துப் போலீசுக்கு அது கொடுப்பதில்லை. ஊர்ப்பெரியவரை முன்னால் வரச் சொன்னார், கமாக்கேயையும்.

"உன் தம்பி ஓடத்துல விஷம் எதுவும் இல்ல," என்று கமாக்கேயின் வலது காதுப் பக்கம் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "ஒரு டப்பாதான் இருந்துது. மங்காரேவாக்காரன் மாதிரி ஓய்வு எடுக்கணும்னு ஆசைப்பட்டு, யாருக்கும் தெரியாம அவன்கிட்ட கேட்டு வாங்கிட்டுப் போன டப்பா."

சிவப்பு மூடி போட்ட அந்த டப்பாவை வெளியே எடுத்தார்.

கமாக்கே அதைப் பார்த்தான். முதலில் அவனுக்கு விளங்கவில்லை. பிறகு அந்தப் பெரிய தோள்கள் ஒரு விரற்கடை இறங்கின.

"அது பஹேரோவோடது," என்றான். "அவன் ஓடத்துல வெச்சேன். அது எப்படி என் தம்பிகிட்ட..."

நிறுத்திவிட்டான். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

திஹோனி ஒரு பாயை விரித்துக் கொட்டாங்கச்சியை அதில் கவிழ்த்தான். மூன்று வாரத்துத் துண்டுகள் அடுக்கு கலையாமல் விழுந்தன. அடியில் கிடந்தவை சுண்டுவிரல் பருமன். நடுவில் உள்ளவை அதில் பாதி. மேலே இருந்தவை தீக்குச்சி. வேறு தீவுகளிலிருந்து வந்து புகை பிடிக்கிறவர்கள் கூட்டத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒருவன் குனிந்து இரண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அடுத்தவனிடம் கொடுத்தான். அது கை மாறிப் போகப் போகக் கூட்டம் அடங்கியது.

"கடையில புகையிலைக்குத் தட்டுப்பாடு," என்றான் கமாக்கே.

"கடைக்காரரைக் கேட்டுட்டேன்," என்றான் திஹோனி. "மூட்டையா கிடக்கு. ஒருத்தருக்கு மட்டும் தட்டுப்பாடு வர்ற புகையிலையை நான் இப்பதான் பாக்கறேன்."

கமாக்கே சுற்றிலும் பார்த்தான். அவன் பக்கம் நின்றவர்கள் எல்லாம் ஒரு அடி தள்ளி நின்றிருந்தார்கள்.

"பதினோரு வருஷம் அந்தக் குழி என்னோடது," என்றான். "நாப்பது, அம்பது தடவை இறங்குவேன். அவன் வந்தான். புகை விட்டுக்கிட்டு, பாதி நாள் தூங்கிக்கிட்டு, என்னைவிட அதிகமா எடுத்தான். அவன் கூடையை நானே இழுக்கணும். ஒவ்வொரு தடவையும் மேல வந்து என்னைப் பாத்துச் சிரிப்பான்."

"நன்றிக்குச் சிரிச்சேன்," என்றான் பஹேரோ கிடங்குக்குள்ளிருந்து.

அது கமாக்கேக்குக் கேட்டிருக்காது. "சாகணும்னு நினைக்கல. ஊர் பாக்க விழணும். அவனும் நம்ம மாதிரிதான்னு தெரியணும். தினம் ஒரு நூல் குறைச்சேன். அவன் கண்டுபிடிக்கல. தோள் வலிக்குதுன்னான். இன்னும் ரெண்டு மூணு நாள்னு நினைச்சேன்."

"விழறவன் எவ்வளவு தூரம் விழுவான்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார் தெமௌரி.

கூட்டத்துக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. அதே கயிறு, அதே ஓடம், நீரும் வடியத் தொடங்கிவிட்டது. ஆள் மட்டும்தான் வேறு. நாலு பேர் கமாக்கேயைப் பிடித்தார்கள். அவன் திமிறவில்லை. தெமௌரி குறுக்கே போனார். யாரோ தள்ளியதில் கெட்ட கால் மடங்கி விழுந்தார். திஹோனி அவர் மேல் குனிந்து நின்று, மிதிக்க வந்தவனின் முழங்காலைக் கொட்டாங்கச்சியால் அடித்தான்.

பஹேரோ திறந்து கிடந்த கிடங்கிலிருந்து வெளியே வந்தான். யாரையும் பார்க்கவில்லை. நேராகத் தன் ஓடத்துக்குப் போய், அதை இழுத்துத் தண்ணீரில் தள்ளி ஏறிக்கொண்டான்.

"என் ஓடத்துல இவனை ஏத்த விட மாட்டேன்," என்றான். "வேற ஓடம் பாருங்க. அதுக்கப்புறம் என் கயித்தை இந்த ஊர்ல ஒருத்தனும் தொடக் கூடாது."

வேறு ஓடம் யாருடையது என்ற கேள்வியில் கூட்டம் தடுமாறியது. சாகப் போகிறவனை ஏற்றிய ஓடத்தில் பிறகு யார் மூழ்கப் போவார்கள்? ஒருவனும் தன் ஓடத்தைத் தரவில்லை. அந்தத் தடுமாற்றத்துக்குள் மருயா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து கமாக்கேயின் முன்னால் நின்றாள். அவனைப் பிடித்திருந்தவர்களே கையை எடுத்துவிட்டார்கள். அடிப்பாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். கமாக்கேயும் கன்னத்தைக் கொடுத்து நின்றான்.

"இவரை எனக்குக் குடுங்க," என்றாள் ஊர்ப்பெரியவரிடம்.

*

மூன்று மணிக்குக் கப்பல் வாய்க்காலைத் தாண்டியது. பப்பேயெத்தே போய்ச் சேர நான்கு நாள். ரோங்கோவை மேல்தளத்தில் நிழலில் படுக்க வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் என்ன செய்ய முடியும் என்று தெமௌரிக்குத் தெரியாது. விரலில் அசைவு இருக்கிறது, நல்ல குறிதான் என்று மட்டும் மருயாவிடம் சொன்னார். அவள் நன்றி சொல்லவில்லை.

"தலைவரே, ஒரு சந்தேகம்," என்றான் திஹோனி, கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்து. "பீடியை மெலிசா சுத்தினதுக்குப் பிரெஞ்சுக்காரன் சட்டத்துல தண்டனை இருக்கா?"

"இல்ல."

"அப்போ நீதிபதி என்ன பண்ணுவாரு?"

"சிரிப்பாருன்னு நினைக்கறேன்."



தளத்தின் மறுபக்கம், ஊர்ப்பெரியவர் மருயாவிடம் ஒப்படைத்த கமாக்கே தனியாக உட்கார்ந்திருந்தான். மருயா போய் அவன் தோளைத் தொட்டு, எழுந்து வரச் சொல்லிச் சைகை காட்டினாள். தம்பியின் பாய்ப் பக்கத்தில் உட்கார வைத்தாள். ரோங்கோவின் கண் திரும்பி அண்ணனைக் கண்டது. இறங்கிப்போன வாய் கொஞ்சம் அசைந்தது. வலது கை பாயின் மேல் மெதுவாக ஊர்ந்து வந்து கமாக்கேயின் விரல்களைத் தேடிப் பிடித்தது. இரண்டு நாளில் அந்தக் கை செய்த முதல் காரியம் அதுதான்.

கமாக்கே கையை உருவிக்கொள்ளப் பார்த்தான். மருயா அவன் மணிக்கட்டைப் பிடித்து அங்கேயே அழுத்தினாள். அவன் வலது காதுக்குக் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி பேசினாள். பக்கத்தில் நின்ற தெமௌரிக்கும் அது கேட்டது.

"இவருக்கு இன்னும் எதுவும் தெரியாது. பேச்சு வந்ததும் நான் சொல்ல மாட்டேன், போலீசும் சொல்ல மாட்டாரு. நீங்களே சொல்லணும். அதுவரைக்கும் கையை எடுக்காதீங்க."

நான்கு நாளும் அவன் எடுக்கவில்லை.